ராதிகாவின் ஒன்பதரை மணி: என் அக்கா மகளுக்கு ஒரு நீண்ட பதில்

என் அக்கா மகள் கோவையில் விஸ்காம் படிக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "மாமா, சினிமாவுல மார்க்கெட் போனதும் சீரியலுக்கு வந்தவங்கதானே ராதிகா? நீங்களும் பாட்டியும் ஏன் அவங்களை அவ்வளவு பெருசா பேசுறீங்க? கிளாஸ்ல ஒரு அசைன்மென்ட் இருக்கு, விளக்கமா எழுதி அனுப்புங்க." போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால் எழுதுகிறேன். இதே கேள்வி மனதில் இருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

நான் கொடைக்கானல்காரன். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பன்னிரண்டு வருடம் ஆனந்தகிரி, நாயுடுபுரம் பக்கம் கேபிள் டிவி நடத்தினேன். எந்த வீட்டில் எந்த நேரத்துக்கு எந்தச் சேனல் ஓடும் என்று தெரு வாரியாகச் சொல்லுமளவுக்கு எனக்குத் தெரியும். ராதிகாவைப் பற்றிப் பேச அதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. ஆனால் அது சின்னத் தகுதியும் இல்லை.

முதலில் உன் கேள்வியில் இருக்கும் தப்பு. "மார்க்கெட் போனதும் சீரியலுக்கு வந்தார்" என்பது முழு உண்மையில்லை. சினிமா நடிகைகளை எப்படி நடத்தியது என்பது அதில் விட்டுப்போகிறது. அந்தப் பெண் அதற்கு என்ன பதில் வைத்திருந்தார் என்பதும் விட்டுப்போகிறது. இரண்டையும் சொல்கிறேன்.

1978 ஆகஸ்டில் பாரதிராஜாவின் இரண்டாவது படம் 'கிழக்கே போகும் ரயில்' வந்தது. அதில் பாஞ்சாலியாக வந்தவர் ராதிகா. நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் மகள். லண்டனில் படித்துக்கொண்டிருந்து, விடுமுறைக்குச் சென்னை வந்த இடத்தில் பாரதிராஜாவின் கண்ணில் பட்டவர். வயது பதினாறை ஒட்டி. அந்தப் படத்தில் ஒரு சங்கதி உண்டு. பட்டணத்துக்குப் போன காதலன், ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்பக்கத்தில் செய்தி எழுதி அனுப்புவான். ரயில் ஊரைக் கடக்கும்போது அவள் ஓடிப்போய் அதைப் படிப்பாள். லண்டனில் படித்த பெண், கிராமத்துப் பாவாடை தாவணியில், தண்டவாளத்து ஓரம் மூச்சிரைக்க நின்று அந்தக் கடைசிப் பெட்டியைத் தேடுகிற பார்வை இருக்கிறதே, அதை யாரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. முதல் படத்திலேயே அது அவருக்கு இருந்தது.

அதற்குப் பிறகு இருபது வருடம் நிற்கவே இல்லை. 'நிறம் மாறாத பூக்கள்', 'இன்று போய் நாளை வா', 'போக்கிரி ராஜா', 'மூன்று முகம்', 'தாவணிக் கனவுகள்', 'நல்லவனுக்கு நல்லவன்', 'ஊர்க்காவலன்' என்று வரிசை நீளம். தெலுங்கில் சிரஞ்சீவியுடன் 'நியாயம் காவாலி'. கே.விஸ்வநாத் இயக்கிய 'சுவாதி முத்யம்' படத்தில் கமலுக்கு ஜோடி. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம் அது. இந்தியில் 'நஸீப் அப்னா அப்னா'. அது நம் 'கோபுரங்கள் சாய்வதில்லை' படத்தின் மறு ஆக்கம். தமிழில் சுஹாசினி செய்த வேடத்தை அங்கே ராதிகா செய்தார். இந்தப் பட்டியலை நீ எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நான் அதில் தங்கப்போவதில்லை.

நான் தங்க விரும்பும் இடம் 1993. 'கிழக்குச் சீமையிலே'. அந்தப் படம் வந்தபோது வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய்ப் பார்த்தோம், நான், அம்மா, உன் அம்மா மூன்று பேரும். விருமாயி என்ற பாத்திரம். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன், நடுவில் அவள். எங்கள் மலைக்குக் கீழே இருக்கும் சீமையின் பேச்சு அது. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பேசுவது. அதை ராதிகா பேசியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ நம்ம ஊர்க்காரிதானடா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னதை நம்பவில்லை. முதல் படத்துக்கு வரும்போது தமிழ் சரளமாக வராத பெண் என்று பேசப்பட்டவர், பதினைந்து வருடத்தில் வந்து சேர்ந்த இடம் அது.

இரண்டே வருடம் கழித்து, 1995இல், அதே பாரதிராஜா 'பசும்பொன்' எடுத்தார். சிவாஜிக்கு மகள், பிரபுவுக்கு அம்மா ராதிகா. பிரபு 1956இல் பிறந்தவர், ராதிகா 1962. தன்னைவிட ஆறு வயது மூத்த நடிகருக்குத் தாயாக நடித்தார், அதுவும் முப்பதுகளின் தொடக்கத்தில். பாத்திரம் அருமையானது, நடிப்பு அதைவிட. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இதை நீ உன் அசைன்மென்ட்டில் கட்டாயம் எழுது: அன்றைய சினிமாவில் ஒரு நடிகைக்கு முப்பத்து மூன்று வயது ஆகிவிட்டால் அடுத்த கதவு அம்மா வேடம்தான். கதாநாயகர்களுக்கு அப்படியொரு கதவே கிடையாது. "மார்க்கெட் போச்சு" என்று இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் இருப்பது இதுதான்.

சரி, அவர் வைத்திருந்த பதில் என்ன? அதைப் புரிந்துகொள்ள அவருடைய அப்பாவிடம் போக வேண்டும்.

எம்.ஆர்.ராதா சினிமா நடிகர் என்றுதான் உனக்குத் தெரியும். அவர் அடிப்படையில் நாடகக்காரர். சொந்தமாக நாடகக் குழு வைத்து ஊர் ஊராகப் போனவர். 'ரத்தக்கண்ணீர்' 1954இல் படமாக வருவதற்கு முன்பே மேடையில் அதைக் கொண்டு தமிழ்நாட்டைக் கலக்கியவர். சினிமா கூப்பிட்டால் போவார், கூப்பிடாவிட்டால் மேடை இருந்தது. அந்த மேடை அவருடையது. யாரும் "உங்களுக்கு இனி இந்த வேடம்தான்" என்று சொல்ல முடியாது. ராதிகாவின் முதல் படம் வந்து ஒரு வருடத்திலேயே, 1979 செப்டம்பரில், அவர் காலமாகிவிட்டார். மகளுக்கு அவர் விட்டுப்போன சொத்துகளில் பெரியது அந்தப் புத்திதான் என்று நான் நம்புகிறேன்: நடிகன் பிழைக்க வேண்டுமானால் மேடை சொந்தமாக இருக்க வேண்டும்.

ராதிகா அதை ரொம்பச் சீக்கிரம் தொடங்கிவிட்டார். எண்பதுகளின் நடுவிலேயே, கதாநாயகியாக உச்சத்தில் இருந்தபோது, 'மீண்டும் ஒரு காதல் கதை' என்ற படத்தைத் தயாரித்தார். இயக்கியவர் பிரதாப் போத்தன், பக்கத்து நீலகிரியில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் படித்தவர். தேசிய விருதுகளில் அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளில் ராடான் நிறுவனத்தை ஆரம்பித்து டிவி பக்கம் திரும்பினார். அப்போதும் சினிமாவை விடவில்லை. 1998இல் ஷங்கரின் 'ஜீன்ஸ்' படத்தில் அவரைப் பார்க்கலாம். ஆக, ஒரு கதவு சாத்தியபிறகு இன்னொரு கதவைத் தட்டியவர் இல்லை அவர். சாத்துவார்கள் என்று தெரிந்து, முன்கூட்டியே தனக்கென்று ஒரு வீடு கட்டி வைத்தவர்.

இப்போது 'சித்தி'. 1999 டிசம்பரில் சன் டிவியில் ஆரம்பித்தது, 2001 நவம்பர் வரை, ராத்திரி ஒன்பதரை மணிக்கு. சி.ஜே.பாஸ்கர் இயக்கம். தினமும் வரும் தொடர்கள் அதற்கு முன்பும் இருந்தன, ஆகவே அதுதான் முதல் தினத்தொடர் என்று எழுதிவிடாதே. ஆனால் தமிழ்க் குடும்பங்களின் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றியது அதுதான்.

தலைப்பைக் கவனி. நம் ஊரில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அப்பாவின் இரண்டாம் தாரமும் சித்திதான். இரண்டாவது அர்த்தத்தில் சொன்னால் உடனே "கொடுமை" என்ற சொல் கூடவே வரும். நம் கதைகளும் படங்களும் அப்படித்தான் பழக்கியிருந்தன. ராதிகா நடித்த சாரதா தான் பெறாத பிள்ளைக்குத் தாயாக நின்றாள். அந்தச் சொல்லில் இருந்த கறையை ஒரு தொடர் துடைத்துவிட்டது என்றால் மிகையில்லை. எங்கள் தெருவில் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அக்கா இருந்தார். அதுவரை அவர் டிவி பார்க்க யார் வீட்டுக்கும் வந்ததில்லை. 'சித்தி' ஆரம்பித்து மூன்றாவது மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா ஒரு போர்வையை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டு, திரும்பி டிவியைப் பார்த்தார்.

நான் பார்த்த ஒன்பதரை மணியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

எங்கள் மலை டிவிக்குப் பழைய ஊர். இலங்கை டிவியான ரூபவாகினி இங்கே நன்றாக எடுக்கும் என்று தென் மாவட்டத்துக்காரர்கள் பொறாமைப்பட்ட காலம் உண்டு. பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷன் டவர் வந்து, கீழே மதுரை, திண்டுக்கல், தேனி என்று சமவெளிக்கெல்லாம் படம் இங்கிருந்துதான் இறங்கியது. ஆனால் 1993இல் வந்த சன் டிவிக்கு டவர் போதாது, டிஷ் வேண்டும், வயர் வேண்டும். தைலமரத்துக்குத் தைலமரம் வயர் கட்டி இழுத்தோம். காட்டுமாடு கொம்பில் மாட்டி அறுத்துவிட்டுப் போகும். மரக்கிளை விழும். தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி வைத்திருப்போம். அதற்குக் கரண்ட் யாராவது ஒரு வீட்டிலிருந்து எடுத்திருப்போம், அந்த வீட்டுக்கு மாதச் சந்தா கிடையாது என்பது பேச்சு.

ஒரு நாள், தைப்பூசச் சமயம். ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் கொடுத்த வீட்டுக்காரர்கள் பழனிக்கு நடைப்பயணம் கிளம்பிவிட்டார்கள். போகிற அவசரத்தில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தெருவே இருட்டடித்தது போல டிவி எல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது. மணி ஒன்பது இருபத்தைந்து. போன் அடிக்க ஆரம்பித்து நிற்கவில்லை. நான் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தூறலில், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வேறு கரண்ட் இழுத்து முடிக்கும்போது ஒன்பது ஐம்பது. கீழே பார்த்தால் தெரு முழுக்க சால்வையும் குல்லாவுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. ஒரு பாட்டி மட்டும் கேட்டார்: "தம்பி, சாரதா இன்னிக்கு என்ன சொன்னா?"

அன்றிலிருந்து கண்ட்ரோல் ரூமில் இருக்கும் சின்ன டிவியில் தினமும் அந்தத் தொடரைப் பார்த்தே தீருவது என்று வைத்துக்கொண்டேன். லைன் போன தெருவுக்கு மறுநாள் காலையில் கதை சொல்லும் பொறுப்பும் என்னுடையதாயிற்று. தினா இசையில் நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய டைட்டில் பாட்டு ஆரம்பித்தால், பனி இறங்கிய ராத்திரியில், சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே நேரத்தில் அது கேட்கும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடந்தால் ஒரு வரியும் தவறாது.

எங்கள் ஊருக்குப் பெரிய நடிகைகள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு வருவார்கள், பைன் காட்டில் ஆடுவார்கள், மேக்கப் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்போம். ராதிகா தினமும் எங்கள் வீட்டுக்குள் வந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்சம் தொழில் விஷயம். உன் அசைன்மென்ட்டுக்கு இதுதான் முக்கியம், ஆனால் யாரும் எழுதுவதில்லை. அந்தக் காலத்தில் சன் டிவியில் பல தொடர்கள் ஓடியது ஸ்லாட் முறையில். தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டி அந்த அரை மணி நேரத்தை வாங்க வேண்டும். அதில் கிடைக்கும் விளம்பர நிமிடங்களைத் தயாரிப்பாளரே விற்றுக்கொள்ள வேண்டும். விற்றால் லாபம், விற்காவிட்டால் கையைக் கடிக்கும். நடிகையாக மட்டும் இருந்தால் மாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ராதிகா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே விளம்பரக் கணக்கும் பார்க்க வேண்டியவர். 'சித்தி' தெலுங்கில் 'பின்னி' ஆகப் போனது. ராடான் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியாகவும் ஆனது. ஒரு நடிகை தொடங்கிய டிவி கம்பெனி அந்த இடத்துக்குப் போனதை நான் வேறெங்கும் பார்த்த நினைவில்லை. அப்பா லாரியில் சீன் படுதாக்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மகளுக்கு லாரி தேவைப்படவில்லை, சாட்டிலைட் இருந்தது. இரண்டும் சொந்தக் கம்பெனிதான்.

'சித்தி' முடிந்தபின் 2002இல் 'அண்ணாமலை', 2005இல் 'செல்வி', 2007இல் 'அரசி', 2009இல் 'செல்லமே', 2013இல் 'வாணி ராணி'. கடைசியாகச் சொன்னது 2018 டிசம்பர் வரை, 1,700 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அதில் வக்கீல் வாணி, குடும்பத் தலைவி ராணி என்று இரட்டையர் இரண்டு பேரும் அவர்தான். சினிமாவில் இரட்டை வேடம் என்றால் அவகாசம் கொடுத்து எடுப்பார்கள். தினத்தொடரில் அது நடக்காது. நாளைக்கு ஒளிபரப்பு இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் ஒரு காட்சிக்கு, வாணியாக ஒரு முறை முழுதும் நடித்து, புடவையும் தலையலங்காரமும் மாற்றி, ராணியாக மறுபடியும் முழுதும் நடிக்க வேண்டும். எதிரே நிற்பவர் முதுகு காட்டும் டூப். இல்லாத ஆளைப் பார்த்துக் கோபப்படவும் அழவும் வேண்டும். இதை ஆறு வருடம், ஐம்பது வயதைத் தாண்டிய பெண், கம்பெனியையும் நடத்திக்கொண்டே செய்தார். நடிப்புப் பயிற்சி பற்றி உங்கள் வகுப்பில் பேசுவார்களே, அங்கே இதைச் சொல்.

குறையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் இது பதில் ஆகாது. இந்தத் தொடர்கள் இழுத்தன. ஒரு வாரத்தில் முடியக்கூடிய சங்கதியை ஒன்றரை மாதம் கொண்டுபோனார்கள். கெட்டவள் என்றால் கண்ணை உருட்டிக்கொண்டு பின்னணி இசையோடுதான் வருவாள். பெண்ணுக்கு எதிரி இன்னொரு பெண்தான் என்று ராத்திரிக்கு ராத்திரி சொன்னது நல்லதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் ராடானுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ராதிகா செய்த நாயகிகள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. எழுந்து நின்று எதிர்த்துப் பேசினார்கள், வேலைக்குப் போனார்கள், கணக்குக் கேட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் சந்தா பாக்கி பற்றிப் பேசும் தோரணையே அந்த வருடங்களில் மாறியது, இது நான் நேரில் கண்டது.

சினிமாவுக்கு அவர் திரும்பியதும் அழகு. 2015இல் 'நானும் ரௌடிதான்' படத்தில் விஜய் சேதுபதியின் அம்மா, போலீஸ்காரி மீனாகுமாரி. அடுத்த வருடம் 'தெறி', 'தர்மதுரை' இரண்டிலும் அம்மா. 1995இல் அம்மா வேடம் என்பது இருந்த ஒரே வழி. இருபது வருடம் கழித்து அது அவர் விரும்பி எடுத்துக்கொண்டது. திரையில் அந்த விடுதலை தெரியும், பார்த்தால் நீயே சொல்வாய்.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் 'கோடீஸ்வரி' நடத்தினார். பெண்கள் மட்டும் பங்கேற்கும் கேள்வி-பதில் நிகழ்ச்சி. அடுத்த மாதமே மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு பெண் அதில் ஒரு கோடி ரூபாய் ஜெயித்தார். அந்த எபிசோடை எங்காவது தேடிப் பார். ராதிகா தொகுப்பாளர் என்ற இடத்தை விட்டுவிட்டு, எதிரே இருக்கும் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இருபது வருடம் சாரதாவாகவும் ராணியாகவும் பழகிய முகம் அது.

அரசியலையும் சொல்லிவிடுகிறேன்: 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் பா.ஜ.க. சார்பில் நின்று மூன்றாம் இடம் வந்தார். அதை அவருடைய கலை வாழ்க்கையோடு சேர்த்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

கணக்குப் போட்டுப் பார். 1978 ஆகஸ்டிலிருந்து 'சித்தி' ஆரம்பித்த 1999 டிசம்பர் வரை இருபத்தொரு வருடம். அங்கிருந்து, 'சித்தி 2' தொடரைவிட்டு அவர் விலகிய 2021 பிப்ரவரி வரை மறுபடியும் இருபத்தொரு வருடம். சினிமாவுக்கு ஒரு பாதி, டிவிக்குச் சரிக்குச் சரியாக இன்னொரு பாதி. பின்பாதியை "மிச்சம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

'சித்தி 2' 2020 ஜனவரியில் வந்தது. கேபிள் தொழிலை நான் விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. அம்மா செட்-டாப் பாக்ஸில் பார்த்தார். மார்ச்சில் ஊரடங்கு வந்து படப்பிடிப்பு நின்றது. கொடைக்கானலில் ஏரிச் சாலையில் ஆளே இல்லாத நாட்கள் அவை. மறுபடி தொடங்கியபோது அம்மா காலையிலேயே பேட்டரி மாற்றி ரிமோட்டைத் தயாராக வைத்திருந்தார். பிறகு ராதிகா விலகினார், தொடர் அவர் இல்லாமல் போனது. அம்மா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த நேரத்துக்கு அடுப்படிக்குப் போய்ப் பூம்பாறைப் பூண்டை முறத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

அசைன்மென்ட்டுக்கு 'கிழக்கே போகும் ரயில்', 'கிழக்குச் சீமையிலே', 'பசும்பொன்' மூன்றையும் இதே வரிசையில் பார். 'சித்தி'யில் ஏதாவது இருபது எபிசோட் பார். பொங்கல் லீவுக்கு மலை ஏறும்போது நோட்டுப் புத்தகத்தோடு வா. எந்த எபிசோடில் சாரதா என்ன புடவை கட்டியிருந்தாள் என்பது வரை உன் பாட்டியிடம் இருக்கிறது. ஒன்பதரை மணிக்கு மேல் கேட்டால் நன்றாகச் சொல்வார்.